மூடி போட்டாலும் ஊசி ஊசிதான்

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. காலையும் இரவும் பேனா மாதிரி இருக்கிற ஊசிக்கருவியில் இன்சுலின் போட்டுக்கொள்கிறாய். வேளைக்கு ஒரு புது ஊசி என்றால் மாதம் 60. விரலில் குத்தும் லான்செட் தனி. 'மூடி போட்டுத்தான் குப்பையில் போடுகிறேன்' என்றாயே, அந்த மூடியை நம்பாதே.

கழற்றிய ஊசியை ஒருமுறை வெளிச்சத்தில் பார். தோலில் இறங்கும் முனை 4 மில்லிமீட்டர்தான். திருகும் பக்கத்துக் குழிக்குள் இன்னொரு முனை நிற்கும். பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பியின் ரப்பரைத் துளைப்பது அது. மூடி மறைப்பது முன்முனையை மட்டும். பையில் நசுங்கினால் அந்த மூடியும் கழன்றுவிடும். குப்பையைக் கையால் பிரிப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, கண்ணு.

போட்டு முடித்ததும் உள்ளே இருந்த சின்ன மூடியைத் திரும்ப மாட்டாதே, விரலில் குத்துவது அப்போதுதான். பெரிய வெளிமூடியை மேசைமேல் வைத்து, பேனாவை ஒரு கையால் அதற்குள் இறக்கித் திருகிக் கழற்று. அப்படியே டப்பாவில் போடு. பேனாவிலேயே ஊசியை விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்று உள்ளே போகும், அடுத்த வேளை அளவு குறையும். சிரிஞ்ச் என்றால் மூடவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம். ஊசிமுனை கீழே போக முழுதாகப் போடு.

டப்பா, துணி துவைக்கும் லிக்விட் வருகிற கெட்டி பிளாஸ்டிக்காக, திருகுமூடியோடு இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் மெல்லிசு, அழுத்தினால் ஊசி வெளியே வந்துவிடும். கண்ணாடி உடையும். 'ஊசி, திறக்காதீர்கள்' என்று மார்க்கரில் பெரிதாக எழுது. முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, டேப் சுற்று. அதற்குமேல் திணிக்காதே.

பழைய பிளாஸ்டிக்கோடு போட்டால் யாராவது திறந்துவிடுவார்கள். எரித்தாலும் முனை அப்படியே கிடக்கும். வீட்டு ஊசியையும் சிரிஞ்சையும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே வீட்டு அபாயகரக் கழிவில் சேர்த்துத் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தன. நீ காட்டும் ஆஸ்பத்திரியில் ஊசிக்கென்று துளைக்க முடியாத வெள்ளை டப்பா இருக்கும். உன்னுடையதையும் வாங்கிக்கொள்வார்களா என்று கேள். இல்லையென்றால் மாநகராட்சி சுகாதார ஆய்வாளரைக் கேள்.

வேலைக்கு வரும் அக்காவுக்கு எப்போதாவது குத்திவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். பிதுக்கக் கூடாது, உறிஞ்சக் கூடாது. தாமதிக்காமல் டாக்டரிடம் நீயே கூட்டிப்போ. எச்ஐவி தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் தடுப்பு வேண்டுமா என்று கேள்.

லான்செட்டும் அதே டப்பாவில்தான். தீபாவளிக்கு வரும்போது ஊசியை ரயில் குப்பைத்தொட்டியில் போடாமல் கெட்டியான சின்ன டப்பாவில் எடுத்து வா. இங்கே பீரோ மேல் பெரிய டப்பா ஒன்று கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா