சி.டி. ஸ்கேனில் அடைப்பு தெரிந்தால்

ஆசிரியருக்கு,

இதய ரத்தக்குழாய்க்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் எவ்வளவு துல்லியம் என்று பலரும் கேட்கிறார்கள். அடைப்பு இல்லை என்று வந்தால் பெரும்பாலும் தைரியமாக நம்பலாம். இருக்கிறது என்று வந்தால்தான் நிதானம் தேவை. குழாய்ச் சுவரில் படிந்த கால்சியம், அதன் உண்மையான அளவைவிடப் படத்தில் பெரிதாகத் தெரியும். மிதமான அடைப்புகூடக் கடுமையானதாகத் தோன்றிவிடும். வயதானவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். இதயத் துடிப்பு வேகமாக இருந்தாலும் படம் கலங்கும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் துடிப்பைக் குறைக்க மாத்திரை தருகிறார்கள். அப்புறம், படத்தில் தெரிவது குழாயின் குறுகல் மட்டுமே. ரத்த ஓட்டம் குறைகிறதா என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இதனால் ஸ்கேன் வீண் என்று ஆகிவிடாது. ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. 5 ஆண்டுகளில் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது, சி.டி. எடுத்த பிரிவில் 2.3 சதவீதம், வழக்கமான பரிசோதனை மட்டும் செய்த பிரிவில் 3.9.

ஆகவே 'அடைப்பு' என்ற ஒற்றைச் சொல்லோடு நோயாளியை அனுப்பிவிடாதீர்கள். கால்சியம் எவ்வளவு, படம் தெளிவாக வந்ததா என்பதையும் மருத்துவர்கள் விளக்க வேண்டும். ஸ்டென்ட் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்