மாத்திரை உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக்கடையில் மாத்திரை மாறிப்போய் நோயாளி பாதிக்கப்பட்டால் என்ன செய்யலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போலீசில் புகார் கொடுங்கள், நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் பார்த்தவரை இந்த மாதிரி வழக்குகள் முதல் இரண்டு நாளிலேயே தோற்றுவிடுகின்றன. மனு எழுத உட்காரும்போது கையில் ஒரு ஆதாரமும் இருப்பதில்லை.

எங்கள் தெருவில் முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடும் ஓர் அம்மா இருக்கிறார். மருத்துவர் எழுதியது வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் என்ற வீரியமான மருந்து, மற்ற நாட்களில் அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின். இரண்டுமே சின்னதாக, மஞ்சளாக இருந்தன. கடையில் நின்ற பையன் ஸ்ட்ரிப்பைக் கத்தரித்து, காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட காகித உறைகளில் போட்டான். உறை மாறிவிட்டது. தினமும் ஒன்று என்று டிக் அடித்த உறைக்குள் மெத்தோட்ரெக்ஸேட் போய்விட்டது. இரண்டாவது வாரம் வாயெல்லாம் புண், ரசஞ்சோறுகூட இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுவும் தட்டணுவும் சரிந்திருந்தன. மருத்துவமனையில் சேர்த்து, முறிவு மருந்து கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள்.

மகன் கோபத்தோடு கடைக்குப் போனார். கடைக்காரர் "குடுங்க தம்பி, பார்க்கிறேன்" என்று உறையையும் மிச்ச மாத்திரையையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அப்புறம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று கொஞ்சம் பணத்தை நீட்டி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்டார். நல்லவேளையாக அதில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

எனவே முதலில் செய்ய வேண்டியது, எதையும் யாரிடமும் கொடுக்காமல் இருப்பது. உறை, வெட்டிய ஸ்ட்ரிப், பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, அசலைப் பத்திரமாக வைக்க வேண்டும். பில் வாங்காமல் வருவது நம் ஊரில் பெரிய வியாதி. பில்லில்தான் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கும். பில் இல்லாவிட்டால் ஜிபேயில் பணம் போன பதிவாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம் டிஸ்சார்ஜ் சம்மரி. 'ரத்த அணுக்கள் குறைவு' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். எந்த மருந்தை எப்படிச் சாப்பிட்டதால் வந்தது என்ற ஒரு வரியையும் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கடைக்காரரின் வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடமே அதுதான். சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதி சொல்கிறது.

அடுத்து, போலீசுக்கு முன்னால் நான் போகச் சொல்வது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு. தலைமையகம் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. அந்தந்தப் பகுதிக்கு மருந்து ஆய்வாளர் உண்டு. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர். எத்தனையோ கடைகளில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது, ஆள் வேறெங்கோ இருக்கிறார். சீட்டில் எழுதிய மருந்து இல்லையென்றால் "இதுவும் அதேதாங்க" என்று வேறொன்றைக் கொடுக்கவும், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற ஷெட்யூல் எச், எக்ஸ் பட்டியல் மருந்துகளில் விதி இடம் தரவில்லை. ஆய்வாளர் இதையெல்லாம் பார்த்து அறிக்கை கொடுத்தால் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும். இழப்பீடு ஒரு பைசா கிடைக்காது, உண்மைதான். ஆனால் அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினால் நுகர்வோர் வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதை நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவு செய்வதில்லை, வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே முடிவு செய்கிறார்கள். 200 ரூபாய்க்கு மாத்திரை வாங்கியவர் 20 லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கெடு 2 ஆண்டு. நிபுணர் சாட்சி இல்லாமல் நடக்காது என்று பயமுறுத்துவார்கள். மலேரியா நோயாளிக்கு டைபாய்டு மருந்து கொடுத்த ஐதராபாத் வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாரம் ஒன்று என்று எழுதிய சீட்டும் தினம் ஒன்று என்று டிக் அடித்த உறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யார் வந்து விளக்க வேண்டும்?

"டாக்டர் கையெழுத்துப் புரியவில்லை" என்பது கடைக்காரர்களின் பழைய பாட்டு. புரியாவிட்டால் போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். நிஜமாகவே சீட்டு கிறுக்கலாக இருந்தால் மருத்துவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016 முதல் அவர்களுக்கும் விதி இருக்கிறது.

போலீஸ் புகார் வேண்டாம் என்று சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தான அஜாக்கிரதைக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவு, உயிரே போய்விட்டால் 106. இந்த 106-இல், சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு, மற்றவர்களுக்கு 5 ஆண்டு. மருந்துக்கடைக்காரர் 'மற்றவர்' கணக்கில்தான் வருகிறார். ஆனால் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசி, ஒரு தொகையோடு அனுப்பிவைப்பதும் நடக்கிறது. அங்கே போடும் கையெழுத்து பிறகு ஆணையத்தில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று: அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கிய மாத்திரை மாறினால் என்ன வழி? எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடத்துக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று 1995-ஆம் ஆண்டு சாந்தா வழக்கிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அங்கே மருந்து வாங்கியவர்களுக்கு இருப்பது சிவில் வழக்கும், அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவும்தான். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். தொலைபேசி எண் 15100. இந்த நோயாளிகளைப் பற்றி ஒரு வழக்கறிஞரைக் கொண்டு தனிக் கட்டுரையே நீங்கள் வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.