அங்கீகார இலக்கம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன சனிக்கிழமை ரியூஷன் முடிந்து வந்த என் பேத்தி ஒரு பயிற்சி நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தை நீட்டி, "அம்மப்பா, நீங்க செஞ்ச வேலைதானே இது?" என்று கேட்டாள். பளபளக்கும் தாள். விமானத்தின் முன்னால் வெள்ளைச் சட்டையோடு ஒரு பொடியன். "ஒரே வருடத்தில் விமானப் பொறியியலாளர்" என்று கொட்டை எழுத்து. லைசன்ஸ் என்ற சொல்லைத் தேடினேன். எங்கும் இல்லை.

1981இல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். பிறகு வளைகுடா. 37 வருடம் விமான இலத்திரனியல்தான் எனக்குச் சோறு போட்டது. ஆகவே இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தொழிலில் எல்லாம் கையொப்பத்தில் வந்து நிற்கும். றேடியோ, ரேடார், ஓட்டோபைலட் எது பழுதானாலும், திருத்திச் சோதித்த பிறகு விமானம் பறக்கத் தகுந்தது என்று லொக்புக்கில், அதாவது பதிவேட்டில், ஒருவர் ஒப்பமிட வேண்டும். லைசன்ஸ் இல்லாதவர் அதில் கைவைக்க முடியாது. ஐரோப்பிய விதிப்படி எங்கள் துறைக்கான லைசன்ஸின் பெயர் பி2. அங்கீகாரம் பெற்ற பயிற்சிநெறி 2400 மணித்தியாலம், அதனோடு பறப்பில் உள்ள விமானங்களில் 2 வருட அனுபவம். ஒவ்வொரு பாடத்திலும் 75 வீதம் எடுத்தால்தான் சித்தி. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவரிடம் 5 வருட அனுபவம் வரை கேட்பார்கள். இதெல்லாம் முடிந்தாலும், பெரிய விமானமென்றால் அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி வேறு இருக்கிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று பிள்ளைகள் கேட்கலாம். 1990களில் ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விமானத்தின் றேடியோ அல்டிமீற்றர், அதாவது தரை எத்தனை அடி கீழே என்று சொல்லும் கருவி, இறங்கும்போது மட்டும் தாறுமாறாகக் காட்டியது. தரையில் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. மூன்று நாளில் இரண்டு தடவை அந்தக் கருவியின் பெட்டியை மாற்றியிருந்தார்கள். நான் விமானத்தின் வயிற்றடியில் மல்லாந்து கிடந்து அன்ரனாவைக் கழற்றினேன். கனெக்டரின் நடு ஊசியைச் சுற்றிக் கடுகளவு பச்சை பூத்திருந்தது. எங்கள் கடலோரக் கல்லடியில் வாசல் லைற் ஹோல்டரைக் கழற்றினால் இருக்குமே, அதே உப்புப் பச்சை. கேபிளுக்குள்ளும் ஈரம். பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "பெட்டியை மாற்றியாயிற்று, பழுது நீங்கியது என்று எழுதி ஒப்பமிடு" என்றார் மேலாளர். நான் பேனையை எடுக்கவில்லை. கேபிளைப் புதிதாகப் போட்டுச் சோதித்து முடிய மூன்று மணித்தியாலம் ஆனது. அதன் பிறகு பல மாதம் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

2009 பெப்ரவரி 25ஆம் திகதி அம்ஸ்ரடாமில் துருக்கி விமானமொன்று ஓடுபாதைக்கு முன்பாகவே வயலில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அதன் இடதுபக்க றேடியோ அல்டிமீற்றர் உயரத்தை மைனஸ் 8 அடி என்று காட்ட, இயந்திர விசையைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஓட்டோ த்ரொட்டில், விமானம் தரையைத் தொடுகிறது என்று எண்ணி விசையைக் குறைத்துவிட்டது. விமானிகள் அதைக் கவனிக்கப் பிந்திவிட்டது. அதற்கு முந்திய எட்டுப் பறப்புகளில் இரண்டு தடவை அதே பிழை வந்திருந்தது. அந்த அறிக்கையை வாசித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

துண்டுப்பிரசுரத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்து, சிவில் விமானசேவை அதிகாரசபையின் பயிற்சி அங்கீகார இலக்கத்தைக் கேட்டேன். "சேர், நேரில வாங்க, விளக்கமாச் சொல்றம்" என்றார்கள். இப்படியான இடமொன்றில் நகையை அடகுவைத்துப் பணம் கட்டிய ஒரு தாயை ஆரையம்பதியில் எனக்குத் தெரியும். மகன் கையில் சான்றிதழ் இருக்கிறது, லைசன்ஸுக்கு அது உதவவில்லை. இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறான். நல்ல கை அவனுக்கு.

மட்டக்களப்பில், திமிலைதீவில் 1958இல் திறந்த விமான நிலையம் எங்களுக்கு இருக்கிறது. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்களை வருடத்தில் ஒருநாளாவது அங்கே கூட்டிப்போகலாம். எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும் என் பழைய லொக்புக்குகளோடு வரத் தயாராக இருக்கிறேன். தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: இத்தகைய விளம்பரம் வந்தால், அங்கீகார இலக்கத்தையும் கேட்டு வாங்கி அதோடு சேர்த்துப் பிரசுரியுங்கள்.

ஓய்வுபெற்ற விமான இலத்திரனியல் பொறியியலாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.