'கொரில்லா' என்னிடம்தான் இருக்கிறது, அண்ணா

அண்ணா,

நீ தேடிச் சலித்துப்போன அந்த ரெக்கார்டை, பான்சோ டாக் என்ற இங்கிலாந்துக் கிண்டல் பாட்டுக் குழுவின் 'கொரில்லா' ஆல்பத்தை, நாளைக்கு கூரியரில் அனுப்புகிறேன். வீடு காலி செய்த அன்று என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் படிக்கிற இடம்.

அந்த ராத்திரியை மட்டும் சொல்கிறேன். அப்பா எழுந்துவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்து, இரண்டாம் பக்கத்து முதல் பாட்டான 'டெத் கேப் ஃபார் க்யூட்டி'யில் முள்ளை வைத்தாய். பாடகர் விவியன் ஸ்டான்ஷால் எல்விஸ் மாதிரி குழைய ஆரம்பித்ததுமே தலையணையை வாயில் அடைத்துக்கொண்டாய். ராத்திரியில் டாக்சி பிடித்துப் போகிற பெண், சிக்னல் சிவப்பாகிறது, செத்துப்போகிறாள். நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாய். எனக்குச் சிரிப்பே வரவில்லை. "உனக்கெல்லாம் ஜோக் புரியாதுடா" என்றாய்.

மலிவுப் பத்திரிகை ஒன்றில் அந்தக் குழுவின் நீல் இன்னஸ் கண்ட தலைப்புதான் அந்தப் பாட்டின் பெயர். 1967-இல் பான்சோ டாக் கூட்டம் அதைப் பாட்டாக்கியது. முப்பது வருஷம் கழித்து, 1997-இல், அமெரிக்காவின் பெல்லிங்ஹாமில் தனியாளாக ஒரு கேசட் போட்ட பென் கிப்பர்ட் அதையே தன் இசைக்குப் பெயராக வைத்துக்கொண்டார்: டெத் கேப் ஃபார் க்யூட்டி. இன்னும் வெளிப்படையான பெயராக வைத்திருக்கலாம் என்று பின்னாளில் அவரே சொன்னார். பெயரைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிப்பர்ட் குழுவின் 'ட்ரான்ஸ்அட்லாண்டிசிசம்' கேட்டபோது, அன்றைக்கு உன் பக்கத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேனே, அதே கனம்தான். கிண்டல் மட்டும் இல்லை.

இதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மன்னித்துவிடு. ஆனால் நீயும் ஒரு நாளாவது அந்த உறையைத் தொட விட்டாயா? 'கை ஈரம், கை அழுக்கு' என்று எத்தனை தடவை விரட்டினாய்! அன்றைக்கு நான் எடுக்காவிட்டால் மற்ற சாமான்களோடு மூட்டையில் போயிருக்கும். அந்த மூட்டையைக் கட்டியது யார் என்று உனக்கே தெரியும்.

2019 டிசம்பரில் இன்னஸ் போன செய்தி வந்ததும் உன் நம்பரைத்தான் எடுத்தேன். அழுத்தவில்லை.

அப்புறம், அந்தப் பாட்டின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். முன்னாடியே இருந்ததுதான்.

சரி, இல்லை. நான் போட்டது.