மூசா தீவின் இரவுப் பறவைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகள் பற்றிய உங்கள் சுற்றுலாக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் மூசா தீவை, ‘பழைய கற்கோபுரம் உள்ளது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைப் பகலில் மட்டும் பார்த்தால் பாதி பார்த்த கணக்குதான்.

நான் அபர்டீனில் இருக்கிறேன். போன ஜூனில், ஊரிலிருந்து வந்திருந்த அண்ணியைக் கூட்டிக்கொண்டு இரவுக் கப்பலில் ஷெட்லாண்டின் முக்கிய ஊரான லெர்விக் போனேன். மறுநாள் இரவு சாண்ட்விக் என்ற ஊரிலிருந்து மூசாவுக்குப் படகேறினோம். மணி பத்தரைக்கும் வானம் வெளுத்தே கிடந்தது. அந்த மங்கலை அங்கே ‘சிம்மர் டிம்’ என்கிறார்கள். வழிகாட்டியின் பின்னால் கரையோரப் புல்வெளியில் வரிசையாக நடந்தோம்.

கோபுரம் சுமார் 13 மீட்டர் உயரம். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் சாந்தே இல்லாமல் அடுக்கிய கல். அதன் இடுக்குகளில்தான் ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடற்பறவை முட்டையிடுகிறது. உள்ளூர்ப் பெயர் ‘அலமூட்டி’. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். குளிர்காலத்தை ஆப்பிரிக்காவின் தென்கோடிக் கடலில் கழித்துவிட்டு, ஒரே ஒரு முட்டைக்காக இவ்வளவு தூரம் வருகிறது. சுவரில் காதை வைத்தோம். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற மாதிரி கரகரப்பு, நடுவில் ஒரு விக்கல், மறுபடி கரகரப்பு. கல்லிலேயே ஓர் எண்ணெய்ப் பிசுக்கு வாடை. நள்ளிரவானதும் கடலுக்குப் போயிருந்த துணைப் பறவைகள் வௌவால்போல எங்கள் முகத்தருகே பறந்து வந்து இடுக்குகளுக்குள் நுழைந்தன.

பகலில் வந்தால் கடற்காகங்கள் பிடித்துத் தின்றுவிடும். தரையில் நிமிர்ந்து நடக்கக்கூட இதன் கால்களுக்கு வலுவில்லை. அதனால்தான் இருட்டில் வருகிறது. பிளாஷ் கூடாது என்று வழிகாட்டி படகிலேயே சொல்லியிருந்தார். அப்படியும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் போனில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். நுழைய வந்த பறவை சுவரில் மோதிப் புல்லில் விழுந்தது. தவழும் குழந்தை மாதிரி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு அது சுவரை நோக்கி நகர்ந்ததை ஒரு முழ தூரத்தில் பார்த்தேன். அடிக்கல் இடுக்குக்குள் அது போய்ச்சேரும்வரை வழிகாட்டி எங்களில் யாரையும் அசையவிடவில்லை. அண்ணி என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

கோடை விடுமுறைக்கு நம்மவர்கள் இங்கே நிறைய வருகிறார்கள். அடுத்த முறை மூசா பற்றி எழுதும்போது இரவு நடைக்குப் போகச் சொல்லுங்கள். போனை அணைத்துப் பைக்குள் வைக்கவும் சொல்லுங்கள். அப்புறம், ஜூன்தானே என்று கம்பளியை விட்டுவிட்டு வர வேண்டாம். படகில் காற்று எலும்பு வரை போகும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அபர்டீன்