புண்படுத்துவது வேறு, மிரட்டுவது வேறு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொடி எரிப்பவர்கள், கையால் சைகை காட்டிச் சீண்டுபவர்கள் எல்லோரையும் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் மனம் புண்படுவதையும் மிரட்டப்படுவதையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1998-இல் நடந்ததைச் சொல்கிறேன். குடிவந்து நான்கு மாதமே ஆன ஒரு கறுப்பினத்தவர், பக்கத்து வீட்டுப் பின்கட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறதே என்று விசாரித்திருக்கிறார். சில நாள் கழித்து ஒரு காலையில் காரை வெளியே எடுக்கிறார். வீட்டிலிருந்து ஏறத்தாழ 20 அடியில் பாதி கருகிய சிலுவை. கறுப்பினத்தவரை மிரட்ட வெள்ளை இனவெறியர்கள் சிலுவையை எரிப்பது அங்கே பழைய வழக்கம். அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று இரவு அந்த வீட்டில் யார் தூங்கியிருப்பார்கள்? அதே ஆண்டு, அதே மாநிலத்தில், கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கூட்டமொன்று நிலத்துக்காரர் சம்மதத்தோடு ஒரு வயலில் சிலுவையை எரித்தது. இரண்டு வழக்குகளையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்த்தே விசாரித்தது. மிரட்டுவதற்காக எரித்தால் அரசு தண்டிக்கலாம். ஆனால் எரித்ததை மட்டும் வைத்து மிரட்டும் நோக்கம் இருந்தது என்று முடிவுகட்டக் கூடாது என்றது 2003-இல் வந்த தீர்ப்பு. வயலில் எரித்தவரின் தண்டனை நிற்கவில்லை. அந்தக் கூட்டத்தை நினைத்தாலே எனக்கு அருவருப்பு. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே சொல்வேன்.

ஜெர்மனியில், ஹிட்லரின் கட்சியினர் கையை நீட்டி உயர்த்தி வைத்த நாஜி வணக்கத்தை வைத்தால் மூன்றாண்டு வரை சிறை. அந்த மண்ணில் அந்தக் கை எதைச் செய்துவிட்டுப் போனது என்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. அதைக் காட்டி, நம்மைப் புண்படுத்தும் எல்லாவற்றுக்கும் இங்கே சிறை கேட்பது பொருந்தாது.

நம் நாட்டிலும் மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்குத் திட்டமிட்ட, தீய நோக்கம் இருந்தாக வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவும், அதற்குப் பதிலாக இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 299-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் இது, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் மனம் வைத்தால்தான் ஜாமீன் கிடைக்கும் பிரிவு. நோக்கம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்ப்பதற்குள் ஆள் சிறைக்குப் போய்விடலாம். அதனால்தான் புகாரை வாங்கும்போதே, யாரை நோக்கி, எந்த இடத்தில், எதற்காகச் செய்தார் என்று காவல் நிலையத்தில் கேட்க வேண்டும் என்கிறேன்.

கடைசியாக ஒன்று. 1985-இல் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று பிள்ளைகள் நீக்கப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம்; தேசிய கீதம் பாடுவது தங்கள் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்பவர்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை. அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அந்த மௌனமும் சிலரைப் புண்படுத்தியது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. சென்ற இதழில் எழுதிய வாசகர் அந்தப் பிள்ளைகளை என்ன செய்திருப்பார்? அவருடைய பதிலை இதே பக்கத்தில் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்