கதவில் ஒட்டிய சீட்டு

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
நவம்பர் 9

அன்புள்ள அம்மா, அப்பா,

இங்கே நலம். டிக்கெட் போட்டாயிற்று. போன வாரம் வீடியோவில் நம் கதவில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "எதிர்வீட்டிலேயே இருந்துகொண்டு, வாயால் சொல்லாமல் சீட்டு ஒட்டுகிறார்களே!" என்று அம்மா வருத்தப்பட்டாய். குளிர்காலம் மூன்று மாதம் இங்கே இருக்கப்போகிறீர்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

அது சண்டைச் சீட்டு இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் கதவு மணியை அடிப்பதுதான் இங்கே தொந்தரவு, சீட்டு எழுதி வைப்பது மரியாதை. அதில் இருந்ததும் ஒரே வரிதான்: இந்த வாரம் உங்கள் கேர்வோஹ.

கேர்வோஹ என்றால் பெருக்கும் வாரம். வாசல் தெளித்துக் கோலம் போடும் உனக்கு இது சட்டென்று புரியும் அம்மா. முறை வந்த வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். சின்ன கேர்வோஹ என்றால் நம் மாடி முற்றமும் கீழ்மாடி வரைக்குமான படிகளும். பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, கைப்பிடியையும் துடைக்க வேண்டும். பெரிய கேர்வோஹ என்றால் நுழைவாசல், நிலவறைப் படி, வெளியே நடைபாதை எல்லாம். முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். 1492-ல் எபர்ஹார்ட் பிரபு காலத்து நகரச் சட்டத்திலேயே இதற்கு வேர் இருக்கிறது. மாநகராட்சி 1988-ல் கட்டாயத்தை எடுத்துவிட்டது, ஆனாலும் வாடகை ஒப்பந்தங்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் தங்கள் வாசலை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அழுக்கே இல்லையே என்று விட்டுவிடுவார்கள். படியில் அழுக்கு இருக்கிறதா என்பது பேச்சே இல்லை, முறை என்றால் முறை. பனிக்காலத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. வாரநாளில் காலை ஏழு மணிக்குள் நடைபாதைப் பனியைத் தள்ளாமல் விட்டு, யாராவது வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால், நஷ்டஈட்டுக்கு முறைக்காரர் தலைதான் உருளும். மேல்மாடிப் பாட்டி நம் படியை உற்று உற்றுப் பார்ப்பது நம்மை வேவு பார்க்க அல்ல. தினமும் அதில் இறங்கிப் போகிறவர் அவர்.

அடுத்தது ஜன்னல். பூஜ்ஜியம் டிகிரிக் குளிரில் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து வைப்பார்கள், உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இந்த வீடுகள் காற்றுப் புகாதபடி இறுக்கமானவை. நாம் வடிக்கும் சோற்றின் ஆவி, குளியல், துணி உலர்த்துவது எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் நீராகப் படியும், பத்து நாளில் கறுப்புப் பூஞ்சணம். அதனால் நாளைக்கு மூன்று, நான்கு தடவை, ஐந்து முதல் பத்து நிமிடம், முழுவதும் திறந்து மூட வேண்டும். மேல்பக்கம் சாய்த்து மணிக்கணக்கில் விட்டால் காற்று சரியாக மாறாது, ஜன்னலோரச் சுவர்தான் சில்லிட்டு முதலில் பூஞ்சணம் பிடிக்கும். திறக்குமுன் ஹீட்டர் திருகை மூடிவிடு. இல்லாவிட்டால் அறை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து அது முழு வேகத்தில் எரியும். சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவை. "ஜன்னலைத் திறப்பதில்லையா?" என்று யாராவது கேட்டால் அது பெரும்பாலும் சுவரைப் பற்றிய கவலை. சில சமயம் சாம்பார் வாசம் பற்றியும்தான், மறைப்பானேன்.

அப்பா, பூங்காவுக்கு நடக்கப்போகும்போது, நல்ல கோட்டுப் போட்ட பெரியவர்கள் குப்பைத்தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதைக் காண்பீர்கள். பாட்டில் தேடுகிறார்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு, கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான், கனமும் அதிகம், அதனால் பலர் அதை விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு டின் கிடைத்தால் மூன்று யூரோ. எல்லோரும் வீடில்லாதவர்கள் அல்ல. பென்ஷன் போதாதவர்களும் உண்டு. கையில் காசு கொடுக்கப் போகாதீர்கள், கூசிப்போவார்கள். காலி பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் அதன் பக்கத்தில், தரையில் வைத்துவிட்டு நடங்கள். டின்னை நசுக்க வேண்டாம், பட்டைக்கோடு மடங்கினால் இயந்திரம் வாங்காது.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள இந்த ஷ்வாபியப் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு: திட்டாவிட்டால் அதுவே போதிய பாராட்டு. அதனால் யாரும் சிரிக்கவில்லையே என்று பார்க்காதீர்கள். படியில் எதிர்ப்பட்டால் "க்ரூஸ் காட்" என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள், பதில் வரும். நாம் இல்லாதபோது நமக்கு வரும் பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பது அந்தச் சீட்டு எழுதிய எதிர்வீட்டம்மாதான். இரவு எட்டு மணிக்குள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரையும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது. இட்லிப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் அங்கேயே அரைத்து எடுத்து வா அம்மா. ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது, மிக்ஸியும் கிடையாது.

அன்புடன்,
உங்கள் மகள்